பேத்தி டீமை போட்டோ எடுக்குற தாத்தாவுக்கு

கேள்வி: சிங்கப்பூர் யீஷூன்ல இருக்கேன், வயசு 68. பேத்தி செகண்டரி டூ, ஸ்கூல் ஹாக்கி டீம்ல ஆடுறா. மேட்ச் தவறாம போய் டீம் முழுசையும் போட்டோ எடுத்து பெற்றோர் வாட்சப் குரூப்ல போடுவேன், எல்லாருக்கும் சந்தோஷம். போன மாசம் ஒரு அம்மா மட்டும் "என் பொண்ணு படத்த ஏன் போட்டீங்க, எடுத்துடுங்க"ன்னு சொல்லிட்டாங்க. மனசு ஒடிஞ்சு போச்சு, விட்டுடலாமான்னு இருக்கு. இன்னொண்ணு, பாதி படம் மங்கலா வருது, புது லென்ஸ் வாங்கணுமா?

பதில்: விட்டுடாதீங்க அய்யா. நேஷனல் ஸ்கூல் கேம்ஸ் மேட்ச் பெரும்பாலும் வேலைநாள் மத்தியானம்தான் நடக்குது, அம்மா அப்பா ரெண்டு பேரும் ஆபீஸ்ல, லீவு போட முடியாது, அப்ப செங்காங் ஸ்டேடியத்துல அந்த வெயில்ல உக்காந்து கை தட்டுறது உங்கள மாதிரி தாத்தா பாட்டிங்கதான். யாருமே வராத பிள்ளைங்களும் அந்த டீம்ல இருப்பாங்க, அதுங்க ஆடினதுக்கு உங்க படம்தான் சாட்சி.

ஆனா அந்த அம்மா கேட்டது நியாயம். படத்த உடனே எடுத்துடுங்க, காரணம் கேக்காதீங்க, "எடுத்துட்டேன்மா, இனி போடமாட்டேன்"னு ஒரு வரி அனுப்புங்க. வீட்டுல கோர்ட்டு கேஸ் இருக்கலாம், பொண்ணுக்கே பிடிக்காம இருக்கலாம். 2024ல இங்கயே ஸ்கூல் பொண்ணுங்க படத்த ஏஐல அசிங்கமா மாத்தின விஷயம் நியூஸ்ல வந்து எத்தனை பெத்தவங்க பயந்து போனாங்க, அந்த பயம் இன்னும் போகல. சட்டப்படி பாத்தா 2012 பிடிபிஏ, அதாவது தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், தனி ஆளு சொந்த விஷயமா, குடும்பத்துக்காக எடுக்குறதுல தலையிடறதில்ல, ஆனா அதச் சொல்லி அவங்ககிட்ட வாதாடவே கூடாது, அடுத்தவங்க பிள்ளை அது.

இனிமே முறையா செய்ங்க. ஹாக்கி சிசிஏக்கு (பாடத்துக்கு வெளிய ஸ்கூல்ல நடக்குற நடவடிக்கை) பொறுப்பா இருக்குற டீச்சரப் பாத்து "நான் வாலண்டியரா எடுத்துத் தர்றேன்"னு கேளுங்க, ஸ்கூல்ல பெற்றோர் ஆதரவுக் குழு இருந்தா தாத்தா பாட்டிய சேத்துப்பாங்களான்னும் கேளுங்க. யார் யார எடுக்கக் கூடாதுன்னு டீச்சர்கிட்டயே கேட்டு வச்சுக்கங்க. படத்த குரூப்ல நேரா போடாம டீச்சர்கிட்ட குடுங்க, அவங்க பாத்து அனுப்பட்டும். பேரு, ஸ்கூலு, ஜெர்சி நம்பர் எல்லாம் போட்டு ஃபேஸ்புக்ல ஏத்துற வேலை வேண்டவே வேண்டாம். ஸ்கூல் உங்க படத்த எங்கயாவது போட்டா பேரு போடச் சொல்லிக் கேக்கலாம், 2021 காப்புரிமைச் சட்டம் படைச்சவங்களுக்கு அந்த உரிமையத் தருது.

குடுக்குறதுக்கு முன்னாடி நீங்களே ஒரு தடவ பாத்து வேண்டாத படத்த எடுத்துடுங்க. விழுந்தது, பாவாடை விலகினது, தோத்துட்டு அழுவுறது, இதெல்லாம் படம் எவ்ளோ நல்லா வந்திருந்தாலும் டிலீட். பொம்பளப் பிள்ளைங்க டீம், நம்ம பேத்திய யாராவது அப்படி எடுத்தா நமக்கு எப்படி இருக்கும். அப்புறம் பெஞ்சுல உக்காந்திருக்கற பிள்ளைங்க! கோல் போடுறவள எல்லாரும் எடுப்பாங்க, மூணு நிமிஷம் இறங்கி ஆடிட்டு வந்தவள எடுக்க ஆளே இருக்காது. ஒவ்வொரு மேட்ச்லயும் ஒவ்வொருத்திக்கும் ஒரு நல்ல படமாவது இருக்கணும்னு வச்சுக்கங்க, இது ஒண்ணுதான் நான் உங்ககிட்ட அழுத்திக் கேக்குறது.

மங்கலுக்கு லென்ஸ் காரணமா இருக்காது, ஷட்டர் ஸ்பீடுதான், அதாவது ஷட்டர் தொறந்து மூடுற வேகம். கேமராவ ஷட்டர் முன்னுரிமை மோடுல வச்சு 1/1000 செகண்டுக்குக் கொறையாம வைங்க, ஐஎஸ்ஓவ, அதாவது கேமரா வெளிச்சத்த உணர்ற அளவ, ஆட்டோல விடுங்க, மேகம் மூடினா 1600, 3200ன்னு ஏறும், கொஞ்சம் புள்ளி புள்ளியா வந்தா பரவால்ல, அசைஞ்சு மங்கின படத்த சரி பண்ண முடியாது ஆனா புள்ளிய பொறுத்துக்கலாம். ஃபோகஸ் தொடர்ந்து துரத்துற மோடுல இருக்கணும். வெயில் உங்க முதுகுப் பக்கம் இருக்கட்டும். வேலிக்கு வெளிய, கார்னர் பக்கம் நின்னா பிள்ளைங்க உங்களப் பாத்து ஓடி வருவாங்க, முகம் கிடைக்கும். கோலுக்குப் பின்னாடி மட்டும் நிக்காதீங்க, பெனால்டி கார்னர் பந்து கல்லு மாதிரி வரும். தாழ்வா இருந்து எடுத்தாத்தான் அழகு, ஆனா நம்ம வயசுக்கு முட்டி தாங்காது, மடக்கு ஸ்டூல் ஒண்ணு கொண்டு போங்க. மின்னல் சைரன் அடிச்சா கேமராவோட உடனே கூரைக்குக் கீழ போயிடுங்க, பிள்ளைங்களும் அங்கதான் உக்காந்து சிரிச்சுட்டு பிஸ்கட் தின்னுட்டு இருப்பாங்க, அந்தப் படத்தையும் விடாதீங்க.

இதெல்லாம் செஞ்சும் பத்தலன்னா சிட்டி ஹால் பக்கம் கேமரா கடையில செகண்ட்ஹேண்ட் 70-300 எம்எம் ஜூம் லென்ஸ் ஒண்ணு பாருங்க, வெளி மைதானத்துக்கு அது போதும், வெளிச்சத்த நிறைய உள்ள விடுற விலை கூடின எஃப் 2.8 லென்ஸ் எல்லாம் உள்ளரங்கத்துல ஆடுற ஆட்டத்துக்குத்தான் தேவைப்படும். வாங்குறப்ப போன் டார்ச்ச லென்சுக்குள்ள அடிச்சுப் பாருங்க, நூல் நூலா பூஞ்சை தெரிஞ்சா வாங்காதீங்க. வாங்கினதையும் சும்மா பையில வைக்காம டிரை கேபினெட்ல (ஈரம் ஏறாம காக்குற பெட்டி) 40-50 சதவீதம் ஈரப்பதத்துல வைங்க, நம்ம ஊரு காத்துக்கு நல்ல லென்சும் கெட்டுடும்.