ராபர்ட் குபிட்சா பத்தி கேளுங்க, எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன்

எல்லாருக்கும் வணக்கம். போன வாரம் "திறமை இருந்தும் உச்சிக்கு வராம போன ரேஸ் டிரைவர் யாரு"ன்னு பேச்சு வந்தப்ப நான் ராபர்ட் குபிட்சா பேரைச் சொன்னேன், அதுல இருந்து ஆளாளுக்கு கேள்வி அனுப்பிட்டே இருக்கீங்க. 2006ல அவர் ஃபார்முலா 1 (எஃப்1) கார் ரேஸுக்கு வந்த நாள்ல இருந்து பாத்துட்டு இருக்கேன், அதனால எல்லாத்துக்கும் சேத்து இங்கயே பதில் எழுதிடறேன், கொஞ்சம் நீளமாத்தான் போகும்.

கேள்வி: அண்ணா நான் 2021ல இருந்துதான் எஃப்1 பாக்குறேன். யாரு இவர்? பேரே கேள்விப்பட்டதில்ல.

நீங்க பாக்க ஆரம்பிச்ச வருஷமே ரெண்டு ரேஸ் ஓட்டிருக்கார் தம்பி. கிமி ரைக்கோனனுக்கு கொரோனா வந்து உக்காந்தப்ப சாண்ட்வோர்ட்லயும் மோன்சாலயும் ஆல்ஃபா ரோமியோ டீம் காரை ஓட்டுனது இவர்தான்.

போலந்துல கிராகோவ் ஊர்க்காரர், 1984ல பொறந்தவர். நாலு வயசுல ஒரு குட்டி பெட்ரோல் வண்டியப் பாத்து அடம் புடிச்சு வாங்கிட்டு, பிளாஸ்டிக் பாட்டில வரிசையா நிக்க வச்சு அதச் சுத்திச் சுத்தி ஓட்டிப் பழகினவர். போலந்துல அப்ப இந்த விளையாட்டுக்குன்னு பெருசா ஒண்ணும் கிடையாது, அதனால 13 வயசு வாக்குல இத்தாலிக்குப் போய் கார்ட்டிங் (குட்டி ரேஸ் கார்) ஓட்டினார், அங்க ஜூனியர் சாம்பியன்ஷிப்ப ஜெயிச்ச முதல் வெளிநாட்டுப் பையன் இவர்தான். ஹாமில்டன், ரோஸ்பெர்க் எல்லாம் அந்தக் கார்ட்டிங் காலத்து ஆளுங்க. 2003ல ரோடு ஆக்சிடென்ட்ல கை உடைஞ்சு, 18 டைட்டானியம் போல்ட்டும் ஒரு பிளாஸ்டிக் பிரேஸுமா, எஃப்1க்குக் கீழ் நிலையான ஃபார்முலா 3 காருல ஏறி, நோரிஸ்ரிங்ல முதல் ரேஸையே ஜெயிச்சார்.

கேள்வி: 99 ரேஸ் ஓட்டி ஒரே ஒரு வெற்றி, ஒரே ஒரு போல் (ரேஸ்ல முதல் இடத்துல இருந்து கிளம்பறது). இதை வச்சுட்டு எப்படி பெரிய டிரைவர்னு சொல்றீங்க?

நியாயமான கேள்விதான், நான் கோச்சுக்கல. 12 போடியமும் (முதல் மூணு இடத்துக்குள்ள வர்றது) இருக்கு, அதையும் சேத்துக்கோங்க. ஆனா என்கிட்ட கேட்டா 2010 சீசனை மட்டும் எடுத்துப் பாருங்கன்னுதான் சொல்வேன். அந்த வருஷம் ரெனால்ட் டீம் மொத்தம் எடுத்தது 163 பாயிண்ட், அதுல குபிட்சா 136, கூட ஓட்டுன பெட்ரோவ் 27. ஒரே கார், ஒரே எஞ்சின். ரெட்புல், மெக்லாரன், ஃபெராரி மூணும் வேற உயரத்துல பறந்த வருஷம் அது, அந்த ரெனால்ட்ட வச்சுட்டு ஆஸ்திரேலியால ரெண்டாவது, மொனாக்கோல மூணாவது, ஸ்பால மூணாவது வந்தார். மூணும் எப்படிப்பட்ட ட்ராக்னு பாருங்க, ஒண்ணு மழையில ஆரம்பிச்ச ரேஸ், ஒண்ணு சுவத்துக்கும் டயருக்கும் நடுவுல விரல் நுழையாத தெரு, இன்னொண்ணு ஓட்டுறவன் தைரியத்த சோதிக்கற இடம். கார் வித்தியாசத்த ஆள் நிரப்ப முடியற ட்ராக்குங்க. சுசுகால ரெண்டாவதா ஓடிட்டு இருந்தப்ப பின்சக்கரம் கழண்டு போச்சு, அதுவும் சேஃப்டி கார் (ட்ராக்குல ஆபத்துன்னா எல்லாரையும் மெதுவா போக வைக்க வர்ற கார்) பின்னாடி மெதுவா போயிட்டு இருக்கும்போது. இல்லன்னா நாலுன்னு சொல்லிருப்பேன்.

கேள்வி: 2007 கனடா விபத்து வீடியோ பாத்தேன், எப்படிங்க உயிரோட வந்தார்? அப்ப நேரலைல பாத்தீங்களா?

பாத்தேன். நமக்கு ராத்திரி பத்தரைக்கு ஆரம்பிக்கற ரேஸ், ஹாஸ்டல் டிவி ரூம்ல நாலு பேர் இருந்தோம். முன்னாடி போன ட்ரூல்லி காரோட டயர்ல இவர் மூக்கு பட்டுச்சு, கார் புல்லுல ஏறுச்சு, அங்க ஒரு மேடு, முன்பக்கம் தூக்கிருச்சு, சக்கரம் தரையிலயே இல்லாதப்ப பிரேக்கும் ஸ்டியரிங்கும் என்ன பண்ணும். 300 கிலோமீட்டர் வேகத்துல கான்கிரீட் சுவர். உருண்டு ட்ராக்க தாண்டி அந்தப் பக்கம் போய் ஒருக்களிச்சு நின்னுச்சு. காரோட மூக்கு சுத்தமா போயிருந்துச்சு, உடைஞ்ச ஓட்டை வழியா அவரோட ஷூ வெளிய தெரிஞ்சுது, தலை தொங்கிட்டு இருந்துச்சு. எங்க ரூம்ல ஒருத்தரும் பேசல. உச்சத்துல 75ஜி, அதாவது உடம்பு எடையப் போல 75 மடங்கு விசைன்னு பின்னாடி சொன்னாங்க.

கணுக்கால் சுளுக்கு, மூளை அதிர்ச்சி, அவ்வளவுதான். ஒரே ஒரு ரேஸ்தான் விட்டார். அந்த ஒரு ரேஸுக்கு அவர் சீட்டுல உக்காந்த பையன் எட்டாவதா வந்து பாயிண்ட் எடுத்தான், பேரு செபாஸ்டியன் வெட்டல், பின்னாடி நாலு தடவ உலக சாம்பியன் ஆனவர். வெட்டலோட கணக்கு அங்கதான் ஆரம்பிச்சுது.

அந்தக் கார்பன் ஃபைபர் கூடும், தலைய ஹெல்மெட்டோட புடிச்சு வைக்கற ஹான்ஸ் பட்டையும் இல்லன்னா இன்னிக்கு இந்தக் கேள்வி பதிலே இல்ல. அவர் ஹெல்மெட்டுல போப் ஜான் பால் பேரு எழுதியிருக்கும், அவங்க ஊர்ல நிறைய பேர் அதுதான் காப்பாத்துச்சுன்னு நம்பறாங்க, அந்த நம்பிக்கைய நான் குறை சொல்ல மாட்டேன்.

கேள்வி: 2008ல சாம்பியன்ஷிப்ல முதல் இடத்துல இருந்தாராமே? அப்புறம் எங்க கோட்டை விட்டார்?

அவர் கோட்டை விடலைங்க. இதை எழுதும்போது இப்பவும் எனக்கு வயிறு எரியுது.

2008 ஜூன் 8, அதே மாண்ட்ரியால், அதே ட்ராக், கிட்டத்தட்ட ஒரு வருஷம் கழிச்சு. சேஃப்டி கார் வந்ததும் எல்லாரும் பிட்டுக்குள்ள (டயர் மாத்தி பெட்ரோல் போடற இடம்) வந்தாங்க, வெளிய போற வாசல்ல சிவப்பு லைட், குபிட்சாவும் ரைக்கோனனும் பக்கத்துல பக்கத்துல நிக்கறாங்க, ஹாமில்டன் லைட்ட பாக்காம வந்து ரைக்கோனன் முதுகுல இடிச்சார். கொஞ்சம் தள்ளி வந்திருந்தா குபிட்சா காலி. அப்புறம் ரேஸ் அவர் கைக்கு வந்துச்சு, கடைசி பிட் ஸ்டாப்புக்கு முன்னாடி எவ்வளவு இடைவெளி வேணுமோ அவ்வளவும் எடுத்துட்டு உள்ள போயிட்டு முதலாவதாவே வெளிய வந்தார். கூட ஓட்டுன ஹைட்ஃபெல்ட் ரெண்டாவது. அவங்க டீமான பிஎம்டபிள்யூ சாபருக்கு அதுதான் முதல் வெற்றி, கடைசி வெற்றியும் அதுதான். அன்னிக்கு பாயிண்ட் கணக்கு குபிட்சா 42, ஹாமில்டன் 38, மாசா 38.

அந்த சீசனுக்கு டீம் வச்சிருந்த இலக்கே "ஒரு வெற்றி". அது ஜூன்லயே கிடைச்சுது, உடனே திட்டப்படி 2009 காருக்கு ஆளயும் பணத்தையும் திருப்பிட்டாங்க, புது விதி வருது அதுக்குத் தயாராகணும்னு. சாம்பியன்ஷிப்ல முதல் ஆள் நம்ம டிரைவர்னு தெரிஞ்சும். குபிட்சா வெளிப்படையாவே வருத்தப்பட்டார். அப்படியும் ரெண்டே ரேஸ் மிச்சம் இருக்கும்போது ஹாமில்டனுக்கும் இவருக்கும் 12 பாயிண்ட்தான் வித்தியாசம், அப்ப ஒரு வெற்றிக்கு 10 பாயிண்ட். கார வளக்காம விட்டே இவ்வளவு தூரம் வந்தவருக்கு, வளத்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு நீங்களே சொல்லுங்க. கடைசில 75 பாயிண்ட்டோட நாலாவது.

அந்த 2009 கார் எப்படி இருந்துச்சுன்னு கேக்கறீங்களா, படு மோசம். ஜூலைலயே பிஎம்டபிள்யூ எஃப்1 வேணாம்னு அறிவிச்சுட்டாங்க. எதுக்காக 2008ஐ விட்டுக் குடுத்தாங்களோ அதுவும் இல்ல. என்னைக் கேட்டா அவர் வாழ்க்கையில முதல்ல பறிபோனது இந்த வருஷம்தான், 2011ல நடந்த ராலி (ஊர் ரோட்டுலயும் மலைப் பாதையிலயும் ஓட்டற ரேஸ்) விபத்து அப்புறம்தான்.

கேள்வி: தம்பி, எனக்கு ஒண்ணு புரியல. கோடி கோடியா சம்பளம் வாங்குற ஆளு எதுக்கு சின்ன ஊர் ராலிக்குப் போகணும்? தேவையில்லாத வேலை இல்லையா?

ஐயா, நிறைய பேர் இப்படித்தான் கேக்கறாங்க. முதல்ல நடந்ததைச் சொல்லிடறேன்.

2011 பிப்ரவரி 3, வாலென்சியால புது ரெனால்ட்டோட டெஸ்ட், கடைசி நாள்ல இவர்தான் வேகமான நேரம். மூணு நாள் கழிச்சு பிப்ரவரி 6 ஞாயித்துக்கிழமை, இத்தாலில லிகூரியா கடற்கரைப் பக்கம் ரோண்டே டி அன்டோரான்னு ஒரு நாள் ராலி. ஸ்கோடா ஃபேபியா காரு. மலைப் பாதையில ஒரு இடத்துல கார் வழுக்கி சாலையோர கார்டு ரெயில்ல மோதுச்சு. அந்த இரும்புப் பட்டை வளைஞ்சு குடுத்திருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது, அது மூட்டு விட்டு ஈட்டி மாதிரி எஞ்சின் பக்கமா நுழைஞ்சு இவர் உக்காந்திருந்த இடத்துக்கே வந்துருச்சு. பக்கத்து சீட்டுல உக்காந்து வழி சொல்ற கோ-ட்ரைவருக்கு பெருசா எதுவும் இல்ல. இவருக்கு வலது முன்னங்கை பாதி துண்டாயிருச்சு, கால்லயும் தோள்லயும் எலும்பு முறிவு, ரத்தம் ஏகப்பட்டது போயிருச்சு. பியெத்ரா லிகுரே ஆஸ்பத்திரில ஏழு மணி நேரம் ஆபரேஷன் பண்ணி கையக் காப்பாத்தினாங்க. வயசு 26.

இப்ப உங்க கேள்வி. டீம் தெரிஞ்சேதான் அனுமதி குடுத்திருந்துச்சு, திருட்டுத்தனமா போகல. அவருக்கு ராலி பொழுதுபோக்கு கிடையாது ஐயா. ட்ராக்குல ஒரே வளைவ நூறு தடவ ஓட்டலாம், ராலில அடுத்த வளைவுல ஈரமா மண்ணான்னு தெரியாது, கார் வழுக்கினப்புறம்தான் கைக்குத் தெரியும். அந்தக் கைப்பழக்கம் தன்னை நல்ல டிரைவர் ஆக்குதுன்னு அவர் நம்பினார். ஈர ட்ராக்குல அவர் ஓட்டுனதைப் பாத்தவங்களுக்கு அது பொய்யுன்னு தோணாது. பாட்டில் நிக்க வச்சு ஓட்டுன பையன்கிட்ட போய் ஞாயித்துக்கிழமை வீட்டுல இருன்னா இருப்பானா? விபத்துக்காக அவரைத் திட்டறவங்க கூட எனக்கு ஒத்து வராது. அந்த கார்டு ரெயில் ஒழுங்கா முடுக்கியிருந்தா காருக்குள்ள நுழைஞ்சிருக்காது.

கேள்வி: ஃபெராரிக்குப் போக இருந்தார்னு சொல்றாங்களே, நிஜமா வதந்தியா?

நிஜம். 2012க்கு ஃபெராரியோட முன் ஒப்பந்தம் போட்டிருந்ததை ரொம்ப வருஷம் கழிச்சு அவரே சொன்னார். அப்ப ஃபெராரில இருந்த அலோன்சோவும் குபிட்சாவும் ஒரே சிவப்பு டீம்ல, ரெண்டு பேரும் நெருங்கின நண்பர்கள் வேற. 2012ல அலோன்சோ மூணே பாயிண்ட்ல பட்டத்தை விட்டார், அதை நினைச்சுப் பாத்துட்டு அடுத்த கேள்விக்குப் போயிடறேன்.

கேள்வி: அண்ணா, நான் பிசியோதெரபி படிக்கறேன். அந்தக் கையோட எப்படி திரும்ப எஃப்1 ஓட்டினார்?

தங்கச்சி, இத நீங்க என்னைவிட நல்லா புரிஞ்சுப்பீங்க. கை பொழைச்சுது, ஆனா முன்னங்கை முழுசா திரும்பாது, விரல்ல பழைய பலம் இல்ல. போதாக்குறைக்கு 2012 ஜனவரில வீட்டுப் பக்கம் ஐஸ்ல வழுக்கி அடிபட்ட காலே மறுபடி உடைஞ்சுது. முதல்ல ராலிக்குத்தான் திரும்பினார், ஏன்னா மூடுன காருல முழங்கைய அசைக்க இடம் இருக்கும். எஃப்1 காக்பிட்ல (ஓட்டுறவர் உக்கார்ற குழி) ரெண்டு தோளும் சுவரோட ஒட்டி இருக்கும், கை திரும்பலைன்னா முழங்கைய வெளிய தள்ளி ஈடு கட்டலாம்னா இடமே கிடையாது. அதான் பெரிய சிக்கல். 2013ல டபிள்யூஆர்சி-2, அதாவது உலக ராலி சாம்பியன்ஷிப்போட ரெண்டாம் பிரிவுல சாம்பியன் ஆனார், எந்த விளையாட்டு கையப் பறிச்சுதோ அதுலயே.

2017 ஜூன்ல ரெனால்ட் பழைய 2012 காரைக் குடுத்து வாலென்சியால ஓட்டச் சொன்னாங்க, ஆகஸ்ட்ல ஹங்கேரில அந்த வருஷக் காருல 142 சுத்து ஓட்டினார். நல்ல வெயில் நாள், அவ்வளவு சுத்து ரெண்டு கையும் சரியா இருக்கறவங்களுக்கே முதுகு ஒடிஞ்சுரும். வேலை பெரும்பாலும் இடது கைக்கு, கியர் மாத்தறதும் இடது கையாலயே முடியற மாதிரி ஸ்டியரிங்ல பேடில மாத்தி வச்சாங்க. வலது கை ஸ்டியரிங்கப் புடிக்கறதவிட அதுமேல சாஞ்சு தள்ளும். ஆன்போர்ட் வீடியோல அந்த மணிக்கட்ட மட்டும் பாருங்க, மனசு கனக்கும்.

கேள்வி: 2019ல வில்லியம்ஸ் டீம்ல திரும்ப வந்தது தப்புன்னு நினைக்கறேன். கூட ஓட்டுன ரஸ்ஸல்கிட்ட குவாலிஃபையிங்ல (ரேஸ் கிளம்புற வரிசைய முடிவு பண்ற ஓட்டம்) 21-0ன்னு தோத்தாரே?

தோத்தார், மறைக்க ஒண்ணுமில்ல. ரஸ்ஸல் வேகமான ஆளு, குபிட்சா பழைய குபிட்சா இல்ல, ஒரு சுத்துல எல்லாத்தையும் பிழியற அந்தக் கூர்மை போயிருச்சு. கார் டெஸ்ட்டுக்கே நாள் கணக்குல லேட்டா வந்துச்சு, வருஷம் பூரா கடைசி வரிசை. ஆனா தப்புன்னு சொல்ல மாட்டேன். ஹாக்கன்ஹைம் மழையில 12ஆவதா முடிச்சு, ரெண்டு ஆல்ஃபா ரோமியோவுக்கும் தண்டனை விழுந்ததால 10ஆவதா ஏறி ஒரு பாயிண்ட் எடுத்தார். அந்த வருஷம் வில்லியம்ஸ் டீம் மொத்தமா எடுத்த பாயிண்டே அது ஒண்ணுதான், எட்டு வருஷம் கழிச்சு வந்த மனுஷன் எடுத்தது.

கேள்வி: இந்தியாவுல ஓட்டிருக்காரா?

இல்ல. டெல்லி பக்கத்துல புத் சர்க்யூட்ல முதல் ரேஸ் 2011 அக்டோபர்ல, நரேன் கார்த்திகேயன் ஓட்டுனது. குபிட்சா அப்ப சிகிச்சையில இருந்தார். அடுத்த ரெண்டு வருஷமும் எஃப்1ல இல்ல.

கேள்வி: கடைசியா நல்ல செய்தி ஏதாச்சும் இருக்கா?

இருக்குங்க. 2021ல, பிரான்ஸ்ல நடக்கற "ல மான்" 24 மணி நேர ரேஸ், ரெண்டாம் நிலையான எல்எம்பி2 பிரிவுல இவங்க கார் முதல்ல, கடைசி சுத்து. சீனப் பையன் யீஃபே யே ஓட்டறான், கார் அப்படியே நின்னுருச்சு. 24 மணி நேரம் ஓட்டி ஒரு சுத்துல போச்சு. 2025 ஜூன், அதே ல மான், இந்தத் தடவை கீழ் பிரிவு இல்ல, மொத்த ரேஸோட முதல் இடத்துக்கே போட்டி, ஏஎஃப் கோர்சே டீமோட மஞ்சள் ஃபெராரி, 83ஆம் நம்பர். கூட ஃபில் ஹான்சன், அப்புறம் அதே யீஃபே யே. கடைசி நேரத்த ஓட்டுனது குபிட்சா, பின்னாடி போர்ஷே துரத்திட்டே வருது, 14 செகண்ட் வித்தியாசத்துல முடிச்சார். வயசு 40. ல மான்ல மொத்த வெற்றி எடுத்த முதல் போலந்துக்காரர். 2012ல போட வேண்டிய ஃபெராரி உடுப்பு இல்ல, நிறமும் வேற, ஆனா ஃபெராரிதான். நான் வீட்டுல எந்திரிச்சு நின்னுட்டேன்.

கேள்வி: ஒரே ஒரு வீடியோ பாக்கணும்னா எது அண்ணா?

2010 மொனாக்கோ குவாலிஃபையிங், ரெண்டாவது இடம் எடுத்த சுத்து. ஹெட்ஃபோன் போட்டுக்கோங்க, ஸ்விம்மிங் பூல் பக்கம் வரும்போது வலது கையப் பாருங்க. கிட்டத்தட்ட ஒன்பது மாசம் கழிச்சுதான் அந்த ராலி.