ஏழு மீட்டர் அகலச் சாலையில் பாதி பாதியாகத் தார் போடும்போது

நண்பரே, நேற்று ஒரு பாதியில் தார் போடும்போது, மறுபாதியில் இரண்டு பக்கமிருந்தும் ஒரே நேரத்தில் வண்டியை விட்டதால் வளைவில் பேருந்தும் லாரியும் முட்டிக்கொண்டு நின்றதாக எழுதியிருக்கிறீர்கள். இரு முனையிலும் வண்டிகளை நிறுத்தி அனுப்பும் கொடி பிடிப்பவர்கள் ஒருவரையொருவர் பார்க்க முடியாததுதான் கோளாறு. வாக்கி டாக்கி கொடுங்கள். அது வரும்வரை பழைய வழி இருக்கிறது: கடைசியாகப் போகும் வண்டியிடம் ஒரு சிவப்புக் குச்சியைக் கொடுத்தனுப்புங்கள், அது வந்து சேர்ந்த பிறகே எதிர்ப்பக்கம் திறக்கட்டும். (பைக் ஓட்டுபவரிடம் கொடுக்காதீர்கள், நடுவில் டீக்கடையில் இறங்கிவிடுவார்.)

ஒரு கிலோமீட்டரை மொத்தமாக அடைத்தது அதிகம். 20 கி.மீ. வேகத்தில் கடக்கவே 3 நிமிடம் ஆகும், அதற்குள் மறுபக்கம் வரிசை நீண்டுவிடும். 300 மீட்டராகக் குறையுங்கள்.

அப்புறம், ரோலர் நகர்ந்த கையோடு வண்டி விடாதீர்கள். தார் நன்றாக ஆறாவிட்டால் பேருந்துச் சக்கரம் தடம் பதித்துவிடும்.

எனக்குப் பெரிய கவலை புதுத் தாருக்கும் இன்னும் போடாத பாதிக்கும் நடுவில் நிற்கும் அந்த 40 மி.மீ. உயர விளிம்புதான். இரவில் பைக்கைச் சறுக்கவைத்துவிடும். மறுபாதியையும் அன்றே அதே இடம்வரை முடியுங்கள். முடியாவிட்டால் சரிவாக்கி வையுங்கள், மறுநாள் செங்குத்தாக வெட்டி, வெட்டிய முகத்தில் தார் பூசிச் சேர்க்கலாம். பலகை, கூம்பு வைக்கும் தூரமெல்லாம் சாலை வேலை நடக்கும் இடங்களுக்கான இந்தியச் சாலைப் பேராயத்தின் வழிகாட்டியான ஐ.ஆர்.சி. எஸ்.பி. 55-இல் படத்தோடு இருக்கிறது.