அவசரப் பணம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

வந்திருக்கும் கடிதங்களில் பெரும்பாலானவை "எங்கே போட்டால் வட்டி அதிகம்?" என்று தொடங்குகின்றன. பத்து வருடம் கழித்து எடுக்கப்போகும் பணத்துக்கு அது சரியான கேள்வி. அவசரத்துக்கென்று ஒதுக்கும் பணத்துக்கு வேறு இரண்டு கேள்விகள் முந்திக்கொள்ள வேண்டும்: எத்தனை மணி நேரத்தில் கைக்கு வரும்? வீட்டில் யார் யாரால் அதை எடுக்க முடியும்? கீழே வரும் பதில்களை அந்த வரிசையிலேயே யோசித்து எழுதியிருக்கிறேன்.

கேள்வி: நானும் மனைவியும் திருப்பூரில் பின்னலாடை நிறுவனங்களில் வேலை செய்கிறோம். இருவருக்கும் சேர்த்து மாதம் 34,000 ரூபாய் வருகிறது. ஆறு மாதச் சம்பளத்தைச் சேர்த்து வைக்க வேண்டும் என்கிறார்கள். இரண்டு லட்சத்துக்கு நாங்கள் எங்கே போவது?

சம்பளத்தை வைத்துக் கணக்குப் போட வேண்டாம். வருமானம் நின்றாலும் நிற்காத செலவுகளை மட்டும் எழுதுங்கள். வாடகை 7,000, மளிகை, பால், கேஸ் 9,000, பிள்ளையின் பள்ளிச் செலவு 3,000, குழுக்கடன் தவணை 2,500, மின்சாரமும் போனும் 1,500 என்று வைத்தால் 23,000 ஆகிறது. உங்கள் முதல் இலக்கு இந்த 23,000 மட்டுமே. மாதம் 2,000 ஒதுக்கினால் ஒரு வருடத்துக்குள் சேர்ந்துவிடும். தீபாவளி போனஸில் பாதியைப் போட்டால் இன்னும் சீக்கிரம்.

ஆனால் உங்கள் வீட்டில் ஒரு சிக்கல் இருக்கிறது. இருவரும் ஒரே தொழிலை நம்பியிருக்கிறீர்கள். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கான வரியை 50 விழுக்காடாக ஏற்றியபோது திருப்பூர் பட்ட பாட்டை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆர்டர் குறைந்தால் இருவர் ஷிஃப்டும் ஒன்றாகத்தான் குறையும். கணவர் மில்லிலும் மனைவி அரசுப் பள்ளியிலும் இருக்கும் வீட்டுக்கு மூன்று மாதச் செலவு போதும் என்றால், உங்களுக்கு ஐந்து மாதமாவது வேண்டும். முதல் மாதத்துக்கான தொகை சேர்ந்த பிறகு அடுத்ததைப் பற்றி யோசியுங்கள், மலைப்பு குறையும்.

எங்கே வைப்பது? முதல் 23,000 சாதாரண சேமிப்புக் கணக்கிலேயே இருக்கட்டும். அதற்கு மேல் சேர்வதை வங்கியில் ஓராண்டுத் தொடர் வைப்பாக (ஆர்.டி.) போடலாம். அஞ்சலகத் தொடர் வைப்புக்கு 2025-இல் 6.7 விழுக்காடு வட்டி தந்தார்கள். ஆனால் அது ஐந்தாண்டுத் திட்டம். மூன்று ஆண்டுகள் முடியாமல் உடைக்க முடியாது. ஓராண்டு கட்டிய பிறகு, கட்டியதில் பாதியைக் கடனாக வாங்கலாம். பிள்ளையின் கல்லூரிச் செலவுக்கு அது நல்ல திட்டம்; அவசரத்துக்கு ஆகாது.

கேள்வி: என் கணவர் மூளை ரத்தக்கசிவால் தீவிர சிகிச்சைப் பிரிவில் பதினோரு நாள் இருந்தார். பணமெல்லாம் அவர் பெயரில் வைப்புத்தொகையாக இருந்தது. நான் நாமினி. வங்கியில் கொடுக்க மாட்டோம் என்றுவிட்டார்கள். அவர் தேறி வந்துவிட்டார். இனி என்ன செய்ய வேண்டும்? (கும்பகோணம் வாசகி)

அவர் தேறி வந்ததில் மகிழ்ச்சி. வங்கி சொன்னது சட்டப்படி சரிதான், அம்மா. நாமினிக்கு உரிமை வருவது கணக்குதாரர் இறந்த பிறகு. அவர் உயிரோடு மருத்துவமனையில் இருக்கும்வரை நாமினி அந்தப் பணத்துக்கு அந்நியர்தான். நிறையக் குடும்பங்கள் இதை மருத்துவமனை வராந்தாவில் நின்றுகொண்டுதான் தெரிந்துகொள்கின்றன.

நோயாளிக்கு நினைவு இருந்து, கையெழுத்து மட்டும் போட முடியவில்லை என்றால் வழி உண்டு. கைப்பெருவிரல் அல்லது கால்பெருவிரல் ரேகையை இரண்டு சாட்சிகள் முன்னிலையில் பெற்றுக்கொண்டு வங்கி பணம் தரலாம். சாட்சிகளில் ஒருவர் பொறுப்புள்ள வங்கி அதிகாரியாக இருக்க வேண்டும். இது ரிசர்வ் வங்கியின் வழிகாட்டுதலிலேயே இருக்கிறது. கிளையில் மறுத்தால் மேலாளரிடம் இதைச் சொல்லிக் கேளுங்கள். நினைவே இல்லையென்றால் நீதிமன்றத்தின் மூலம் பாதுகாவலராக நியமனம் பெற வேண்டும். அன்றிரவு கட்ட வேண்டிய முன்பணத்துக்கு அது உதவாது.

இப்போது செய்ய வேண்டியது: சேமிப்புக் கணக்கை இருவர் பெயரிலும், "இருவரில் ஒருவர் அல்லது உயிருடன் இருப்பவர்" என்ற முறையில் மாற்றுங்கள். உங்கள் பெயரில் தனி ஏடிஎம் அட்டை வாங்கி, ஒரு முறையாவது நீங்களே பணம் எடுத்துப் பழகுங்கள். கணவரின் அட்டையையும் ரகசிய எண்ணையும் வாங்கி வைத்துக்கொள்வது இதற்கு மாற்றாகாது.

வைப்புத்தொகையில் பலருக்குத் தெரியாத ஒரு நுணுக்கம் இருக்கிறது. கூட்டுப் பெயரில் போட்டுவிட்டால் போதும் என்று நினைக்கிறோம். ஆனால் முதிர்வுக்கு முன் உடைக்க வேண்டுமானால் பொதுவாக இருவர் கையெழுத்தையும் கேட்பார்கள். ஒருவரே உடைக்கலாம் என்று இருவரும் சேர்ந்து முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். உங்கள் கிளையில் அந்தப் படிவத்தைக் கேட்டு வாங்கி இருவரும் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். அவர் இப்போது நன்றாக இருக்கிறார் என்பதால் "அடுத்த மாதம் பார்க்கலாம்" என்று தள்ளத் தோன்றும். தள்ளாதீர்கள்.

இன்னொன்று: எட்டு லட்சம் இருக்கிறது என்றால், அதை ஒரே ரசீதாகப் போடாமல் நான்கு ரசீதுகளாகப் போட்டால், ஒரு லட்சம் தேவைப்படும்போது ஒன்றை மட்டும் உடைக்கலாம். மற்றவற்றின் வட்டி கெடாது.

கேள்வி: கணவருக்குத் தெரியாமல் சிறுவாடு சேர்த்து வைத்திருக்கிறேன். 85,000 ஆகிவிட்டது. அரிசி டிரம்மில் இருக்கிறது. வங்கியில் போட்டால் வரி கேட்பார்களா? (திண்டுக்கல் மாவட்ட இல்லத்தரசி)

கேட்க மாட்டார்கள். வீட்டுச் செலவுக்குக் கணவர் கொடுத்ததில் மிச்சம் பிடித்தது உங்களுக்கு வருமானம் ஆகாது. 85,000-க்கு யாரும் பயப்பட வேண்டியதில்லை.

டிரம்மை நம்ப வேண்டாம் என்பதற்கு எலியும் திருடனும் மட்டும் காரணமில்லை. 2016 நவம்பர் 8 இரவு 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தபோது எத்தனையோ அடுப்படிகளின் ரகசியம் ஒரே வாரத்தில் கூடத்துக்கு வந்தது. மாற்றப் போன இடத்தில் கணவர் பின்னால் நின்ற கதைகள் எனக்கே தெரியும். 2023 மே மாதம் 2,000 ரூபாய் நோட்டையும் திரும்பப் பெற்றார்கள். டிரம்மில் அந்த நோட்டு ஏதாவது இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். இருந்தால் ரிசர்வ் வங்கியின் சென்னை அலுவலகத்துக்கு அஞ்சலகம் மூலம் அனுப்பி, உங்கள் கணக்கில் வரவு வைத்துக்கொள்ளலாம்.

மகளிர் உரிமைத் தொகை வரும் கணக்கை வீட்டில் எல்லோரும் பார்க்கிறார்கள் என்றால், அஞ்சலகத்தில் உங்கள் பெயரில் தனியாகச் சேமிப்புக் கணக்கு தொடங்குங்கள். 500 ரூபாய் போதும். ஆதார் அட்டையும் பான் அட்டையும் எடுத்துச் செல்லுங்கள். 70,000-ஐ அங்கே போட்டுவிட்டு மீதியை வீட்டில் வைத்துக்கொள்ளலாம்.

கணவரிடம் சொல்லலாமா என்று நீங்கள் கேட்கவில்லை. நானும் அதற்குள் போகவில்லை. ஆனால் ஒருவருக்கும் தெரியாத பணம் உங்களுக்கு ஒன்று ஆனால் யாருக்கும் பயன்படாது. மகளோ அக்காவோ, ஒருவருக்காவது பாஸ்புத்தகம் இருக்கும் இடம் தெரிந்திருக்கட்டும். நாமினி பெயரையும் கட்டாயம் எழுதுங்கள்.

கேள்வி: ஒரு லட்ச ரூபாய் சீட்டில் இருக்கிறேன். அவசரம் வந்தால் ஏலத்தில் எடுத்துக்கொள்ளலாம் என்று தனியாக எதுவும் சேர்க்கவில்லை. சரிதானே? (சேலம்)

சீட்டை நான் குறை சொல்ல மாட்டேன். மாதாமாதம் கட்டாயம் கட்ட வைக்கும் அந்த நிர்ப்பந்தம் நிறையப் பேரின் வீட்டுக்குக் கதவு, ஜன்னல் போட்டிருக்கிறது. ஆனால் அதை அவசரப் பணமாக எண்ணுவது தவறு.

கணக்கைப் பாருங்கள். 20 பேர், 20 மாதம், மாதம் 5,000. மூன்றாவது மாதம் உங்கள் வீட்டில் அறுவைச் சிகிச்சை. ஆரம்ப மாதங்களில் தேவைக்காரர்கள் அதிகம் என்பதால் ஏலத்தில் விட்டுக்கொடுக்கும் தள்ளு தொகையும் அதிகமாகப் போகும். நீங்கள் 30,000 தள்ளிக் கேட்டால்தான் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கைக்கு வருவது 70,000. தள்ளிய 30,000-இல் நடத்துநரின் கமிஷன் 5,000 போக, மீதி 25,000 ஆளுக்கு 1,250 ஆகப் பிரியும். அதுவரை நீங்கள் கட்டியது, கழிவு போக, 12,000 சொச்சம் இருக்கும். அப்படியானால் அந்த 70,000-இல் உங்கள் சேமிப்பு 12,000 மட்டுமே. மற்றதெல்லாம் இன்னும் 17 மாதம் அடைக்க வேண்டிய கடன். அதையும் ஜாமீன் காட்டாமல் கொடுக்க மாட்டார்கள். ஏலமோ மாதத்தில் ஒரு நாள்தான். அறுவைச் சிகிச்சை அந்தத் தேதி பார்த்து வருவதில்லை.

அதனால் சீட்டின் கடைசி மாதங்களில் எடுத்து அதை அவசர நிதிக்கு அடித்தளமாகப் போடுங்கள். சீட்டையே நிதியாக எண்ணாதீர்கள்.

நீங்கள் கட்டும் சீட்டு பதிவு பெற்றதா என்று எழுதவில்லை. 1982-ஆம் ஆண்டு சீட்டு நிதிச் சட்டத்தின்படி ஒவ்வொரு சீட்டையும் தனித்தனியாகப் பதிவு செய்ய வேண்டும். நடத்துநர் சீட்டுத் தொகைக்கு ஈடான பிணையும் வைக்க வேண்டும். கமிஷன் 7 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. நடத்துபவரிடம் பதிவு எண்ணைக் கேளுங்கள். "நம்ம தெருக்காரங்கதானே" என்று சிரித்து மழுப்பினால், அதில் தொலைந்தாலும் தாங்கக்கூடிய தொகையை மட்டும் போடுங்கள். தீபாவளிப் பலகாரச் சீட்டுகளுக்கும் இதுவே என் பதில்.

கேள்வி: நகைக்கடைத் திட்டத்தில் மாதம் 3,000 கட்டுகிறேன். இதுவும் சேமிப்புதானே? (கோவை)

நகை வாங்கும் எண்ணம் இருந்தால் சேமிப்பு. பணம் தேவைப்பட்டால் அங்கே பணமாகத் திரும்பி வராது, நகையாகத்தான் வரும். பொருளுக்காக வாங்கிய முன்பணத்துக்கு 365 நாளுக்குள் பொருளைக் கொடுத்துவிட வேண்டும், இல்லையேல் அது வைப்புத்தொகையாகிவிடும் என்ற விதியால்தான் இந்தத் திட்டங்கள் 11 மாதத்தில் முடிகின்றன. வங்கி வைப்புக்கு உள்ள காப்பீடு இதற்குக் கிடையாது.

கையில் இருக்கும் நகை வேறு விஷயம். அது நல்ல இரண்டாவது அரண். 2.5 லட்சம் வரையிலான நகைக்கடனுக்கு மதிப்பில் 85 விழுக்காடு வரை கொடுக்க 2025 ஜூனில் ரிசர்வ் வங்கி அனுமதித்தது. ஆனால் மருத்துவமனை கவுன்ட்டர் இரவு இரண்டு மணிக்கு வளையலை வாங்கிக்கொள்ளாது. முதல் இரண்டு நாளுக்குப் பணம், அதற்குப் பிறகு நகை என்று வைத்துக்கொள்ளுங்கள். விற்பதைவிட வங்கியில் அடகு வைப்பது மேல். தெருமுனை வட்டிக்கடைக்குப் போகும் முன் வங்கி வட்டியைக் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: எனக்கு மூன்று லட்சம் வரம்புள்ள கிரெடிட் கார்டு இருக்கிறது. பணத்தைச் சும்மா வைத்திருப்பது வீண் இல்லையா? (சென்னை, மென்பொருள் பொறியாளர்)

வேலை போன மாதத்திலேயே வங்கி அந்த வரம்பைக் குறைக்கலாம். உரிய தேதிக்குள் கட்டாவிட்டால் மாதம் 3.5 விழுக்காடு அளவுக்கு வட்டி ஓடும். ஆண்டுக்கு 40 விழுக்காட்டைத் தாண்டுகிறது. கந்துவட்டிக்காரரைப் பற்றி நாம் பேசும் அதே குரலில் இதைப் பற்றி ஏன் பேசுவதில்லை என்று எனக்குப் புரிவதில்லை. அட்டையை முதல் நாள் முன்பணம் கட்டப் பயன்படுத்துங்கள். அதை அடைக்கும் பணம் கணக்கில் இருக்கட்டும்.

கேள்வி: எல்லாமே போனில் கட்டுகிறோம். வீட்டில் ரொக்கம் தேவையா? (தூத்துக்குடி)

தூத்துக்குடியிலிருந்து இந்தக் கேள்வி வந்தது வியப்பாக இருக்கிறது. 2023 டிசம்பர் 17, 18 மழையில் மின்சாரமும் செல்போன் சிக்னலும் போனபோது, பால் பாக்கெட் வாங்கக் கையில் நோட்டு இருந்தவர்கள்தான் வாங்கினார்கள். 2015 டிசம்பரில் சென்னையிலும் இதே கதை. ஒரு வாரச் செலவுக்கான ரொக்கம் போதும். பாதிக்கு மேல் 50, 100 ரூபாய் நோட்டுகளாக இருக்கட்டும். வெள்ள நாளில் 500-க்குச் சில்லறை தர ஆள் இருக்காது. நெகிழி உறையில் போட்டு, ஆதார் நகல்களோடு பரணில் வையுங்கள். கீழ்த் தட்டில் வேண்டாம்.

கேள்வி: கரையான் அரித்த 500 ரூபாய் நோட்டுகள் சில இருக்கின்றன. குப்பைதானா? (தேனி)

இல்லை. 50 ரூபாயும் அதற்கு மேற்பட்டதுமான நோட்டில், மிஞ்சிய பெரிய துண்டு 80 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் முழு மதிப்பு; 40 முதல் 80 வரை இருந்தால் பாதி மதிப்பு. வங்கிக் கிளையில் மாற்றலாம். தொட்டாலே உதிரும் நிலையில் இருந்தால் ரிசர்வ் வங்கி அலுவலகத்துக்குத்தான் போக வேண்டும். ஒட்டுநாடா போட்டு ஒட்டிக் கொண்டுபோகாதீர்கள்.

கேள்வி: ஓய்வுபெற்ற ஆசிரியர் நான். கூட்டுறவு வங்கியில் வட்டி கொஞ்சம் கூடுதல். எட்டு லட்சத்தையும் அங்கே போடலாமா? (காரைக்குடி)

ஒரு வங்கியில் ஒருவருக்கு, எத்தனை கிளைகளில் போட்டாலும், அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் வரைதான் காப்பீடு. 2020 பிப்ரவரிக்கு முன் அது ஒரு லட்சமாக இருந்தது. ஆகவே இரண்டு வங்கிகளாகப் பிரியுங்கள், ஒவ்வொன்றிலும் வட்டிக்கு இடம் விட்டு. வங்கிக்கு நெருக்கடி வந்து பணம் எடுக்கத் தடை விதித்தால் காப்பீட்டுத் தொகை கைக்கு வர 90 நாள் வரை ஆகலாம். எனவே அவசரத்துக்கான பங்கை அங்கே வைக்காதீர்கள். ஊரில் உள்ள தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்துக்கு இந்தக் காப்பீடு கிடையாது. பெயர்ப்பலகையில் "கூட்டுறவு" என்று இருப்பதை மட்டும் பார்த்துப் போடாதீர்கள், ஐயா.

கேள்வி: அவசரத்துக்கென்று தனிக் கணக்கு வைத்து, தொடவே கூடாது என்று உறுதியாக இருந்தேன். இப்போது செயலற்ற கணக்கு என்கிறார்கள். பணம் போய்விட்டதா? (வேலூர்)

போகவில்லை. இரண்டு ஆண்டுகள் நீங்கள் எந்தப் பரிவர்த்தனையும் செய்யாவிட்டால் கணக்கு செயலற்றதாகும். வங்கி தானாக வரவு வைக்கும் வட்டி பரிவர்த்தனையாகக் கணக்கில் எடுக்கப்படாது. அடையாளச் சான்றும் முகவரிச் சான்றும் கொடுத்தால் கட்டணமில்லாமல் உயிர்ப்பித்துத் தர வேண்டும். பத்தாண்டுகள் தாண்டியிருந்தால் தொகை ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போயிருக்கும். அப்போதும் உங்கள் வங்கி மூலமே கேட்டு வாங்கலாம். பழைய கணக்குகளைத் தேட உத்கம் என்ற இணையதளம் இருக்கிறது. உயிர்ப்பித்த பிறகு, ஆறு மாதத்துக்கு ஒரு முறை அந்தக் கணக்கின் ஏடிஎம் அட்டையில் 500 ரூபாய் எடுத்துத் திரும்பக் கட்டிவிடுங்கள். அட்டை காலாவதியாகிவிட்டதா, ரகசிய எண் நினைவிருக்கிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.