யாருடைய உதவியுமின்றி வீட்டில் பிறந்த குழந்தையின் பிறப்பை எங்கே பதிவது?

தொண்டியில் தாய்வீட்டில், செவிலியர் வருவதற்குள் பிரசவமாகிவிட்டது. கணவர் ஊரான பாம்பனில் பதியலாமா என்று கேட்கிறீர்கள். முடியாது. பிறந்த இடத்தில்தான் பதிய வேண்டும். தொண்டி பேரூராட்சி என்பதால் பேரூராட்சி அலுவலகம். கிராமம் என்றால் கிராம நிர்வாக அலுவலர்.

அதற்கு முன், தயவுசெய்து தாயையும் பிள்ளையையும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டிவிடுங்கள். இரத்தப்போக்கு, தொப்புள்கொடித் தொற்று இரண்டும் காத்திருக்காது. தடுப்பூசியும் அங்கேயே போடுவார்கள். கர்ப்பகாலத்தில் கிராம சுகாதார செவிலியர் பதிந்து தந்த பிக்மி எண்ணையும் எடுத்து வையுங்கள், பதிவின்போது கேட்பார்கள்.

வீட்டுப் பிரசவத்தைத் தெரிவிப்பது சட்டப்படி குடும்பத் தலைவரின் பொறுப்பு. 21 நாளுக்குள் என்றால் கட்டணமில்லை. 30 நாள் வரை தாமதக் கட்டணம். அப்புறம் மேலதிகாரி அனுமதி வேண்டும். ஓராண்டைத் தாண்டினால் கோட்டாட்சியர் உத்தரவு வரை அலைய வேண்டியிருக்கும். பெயர் வைக்கவில்லையே என்று தள்ளிப்போடாதீர்கள். பெயரை ஓராண்டுக்குள் இலவசமாகச் சேர்க்கலாம்.