விபத்துக் காய வழக்கை வழக்கறிஞரிடம் கொடுத்தால் என்ன நடக்கும்?

உங்கள் தம்பி பினாங்கில் மோட்டார் சைக்கிள் விபத்தில் காலொடிந்து மருத்துவமனையில் இருக்கிறார், வழக்கறிஞரிடம் போனால் என்ன எதிர்பார்க்கலாம், எத்தனை காலம் ஆகும், எவ்வளவு கிடைக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் வழக்கறிஞர் அல்லன். பிறை நகரிலிருந்து பாலம் கடந்து பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலைக்கு இரவு ஷிப்டு போய்வந்தவன். 2021 நவம்பரில், சமிக்ஞை விளக்கருகே எதிரிலிருந்து வந்து வலப்பக்கம் திரும்பிய கார் ஒன்று இடித்ததில் என் இடது முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டாக முறிந்தது. அப்போது எனக்கு வயது 38. வழக்கு முடிந்து பணம் கைக்கு வந்தது 2024 மார்ச்சில். அந்த இரண்டு ஆண்டு நான்கு மாதங்களில் நான் கற்றவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் வருபவர் வழக்கறிஞராக இருக்கமாட்டார், ஏஜென்ட்தான் வருவார். அறுவைச் சிகிச்சை முடிந்த மறுநாளே ஒருவர் என் கட்டிலருகில் வந்து, "அண்ணே, கையெழுத்து மட்டும் போடுங்க, கைக்காசு ஒரு வெள்ளிகூட வேண்டாம், வர்ற பணத்துல முப்பது பெர்சென்ட் மட்டும்" என்றார். மருந்து மயக்கத்தில் நானும் பேனாவை வாங்கிவிட்டேன். என் அக்காதான் தாளைப் பிடுங்கினார். ஜெயித்தால் மட்டும் கட்டணம், வரும் தொகையில் இத்தனை விழுக்காடு என்று ஒப்பந்தம் செய்துகொள்வதை 1976-ஆம் ஆண்டின் வழக்கறிஞர் தொழில் சட்டம் நம் நாட்டில் தடை செய்கிறது என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. ஆள் வைத்து வழக்குப் பிடிப்பதும் வழக்கறிஞர்களுக்கு அனுமதிக்கப்பட்டதன்று. ஆகவே மருத்துவமனைக் கட்டிலில் எதிலும் கையெழுத்திட வேண்டாம் என்று உங்கள் தம்பியிடம் இன்றே சொல்லிவிடுங்கள். யாரிடம் போவது என்று முடிவு செய்தபின், அவருக்கு நடப்பாண்டுத் தொழில் அனுமதி இருக்கிறதா என்று மலேசிய வழக்கறிஞர் மன்றத்தின் இணையப் பட்டியலில் பெயரைத் தேடிப் பாருங்கள். இரண்டு நிமிட வேலை.

நான் கடைசியில் போனது ஜார்ஜ்டவுனில் சாலை விபத்து வழக்குகளையே பெரும்பாலும் நடத்திவந்த ஓர் அம்மையாரிடம். முதல் சந்திப்பு ஒரு மணி நேரம் நீடித்தது. வலியைப் பற்றி நான் நிறையச் சொல்ல நினைத்துப் போயிருந்தேன். அவர் கேட்டதெல்லாம் தாள்களைத்தான். போலீஸ் ரிப்போர்ட், எம்.சி. (மருத்துவ விடுப்புச் சான்று), மருந்துச் சீட்டு, விபத்துக்கு முந்தைய ஆறு மாதச் சம்பளச் சீட்டு, இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) கணக்கு அறிக்கை, ஓட்டுநர் உரிமம், சாலை வரி, காப்புறுதிப் பத்திரம். "தம்பி, உங்க காலை நீதிபதி பாக்கப் போறதில்ல, உங்க ஃபைலைத்தான் பாக்கப் போறாங்க" என்றார். அன்று அது எனக்குக் கொஞ்சம் இரக்கமற்ற பேச்சாகவே பட்டது.

அந்தத் தாள்களில் மிக முக்கியமானது போலீஸ் ரிப்போர்ட். விபத்தில் சிக்கிய ஓட்டுநர் 24 மணி நேரத்துக்குள் புகார் செய்ய வேண்டும் என்கிறது 1987-ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம். அறுவைச் சிகிச்சைக்குப் போனவரால் அது இயலாது. ஆனால் இயன்றவுடன் செய்து, தாமதத்துக்கான காரணத்தையும் அதிலேயே எழுதச் சொல்ல வேண்டும். நான் ஒரு வாரம் கழித்து, ஊன்றுகோலோடு நின்று, எனக்குத் தெரிந்த மலாயில் அவசரமாகச் சொல்லி முடித்தேன். இடது தடத்தில் வந்தேன் என்று சொல்லவேண்டியவன் வலது தடத்தில் வந்ததாகச் சொல்லிவிட்டேன் போலும்; அப்படியே பதிவானது, படித்துப் பார்க்காமல் கையெழுத்தும் இட்டேன். போலீசாரின் வரைபடமும் என் ரிப்போர்ட்டும் பொருந்தவில்லை என்பதை எதிர்த்தரப்பு கடைசிவரை விடவில்லை. உங்கள் தம்பி மலாயில் தயங்குபவராக இருந்தால் நன்றாகப் பேசத் தெரிந்த ஒருவரை உடன் அனுப்புங்கள். பதிவானதை வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்டபின் கையெழுத்து இடட்டும்.

கட்டணத்தைப் பற்றி முதல் நாளே கேட்பதற்கு நம்மவர்கள் கூச்சப்படுகிறோம். கூச்சப்பட வேண்டாம். வழக்கறிஞரின் கட்டணம் எவ்வளவு, மருத்துவ அறிக்கை, போலீஸ் ஆவணங்கள், வழக்குப் பதிவு ஆகியவற்றின் செலவை யார் முன்கூட்டிக் கட்டுவது, எதிர்த்தரப்பு தரும் வழக்குச் செலவுத் தொகை யார் கணக்கில் போகும், நடுவில் வழக்கறிஞரை மாற்றினால் என்ன ஆகும், இந்த நான்குக்கும் கடிதமாகப் பதில் வாங்குங்கள். வழக்கறிஞரை மாற்ற உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் பழைய நிறுவனம் தனக்குச் சேரவேண்டியதைக் கட்டும்வரை கோப்பைப் பிடித்து வைத்துக்கொள்ளலாம்.

அதன்பிறகு ஒரு நீண்ட மௌனம் வரும். எனக்கு ஏழெட்டு மாதம். வழக்கறிஞர் கைவிட்டுவிட்டார் என்றே நினைத்து, வாரம் இருமுறை தொலைபேசியில் அவருடைய கிராணியை (அலுவலக எழுத்தரை) தொல்லை செய்தேன். உண்மையில் காயம் ஒரு நிலைக்கு வரும்வரை அதன் விலையை யாராலும் சொல்ல முடியாது. எலும்பு கூடுமா, கால் குட்டையாகுமா, உள்ளே வைத்த கம்பியை எடுக்க இன்னோர் அறுவைச் சிகிச்சை தேவையா என்பதெல்லாம் தெரிந்தபிறகே நிபுணர் அறிக்கைக்கு எழுதுவார்கள். அந்த அறிக்கை வரவும் மாதங்கள் ஆகும். எதிர்த்தரப்புக் காப்புறுதி நிறுவனமும் தன் பங்குக்கு ஒரு மருத்துவரிடம் அனுப்பும். அங்கே வலியைக் கூட்டியும் சொல்ல வேண்டாம், ஆண்பிள்ளை என்று குறைத்தும் சொல்ல வேண்டாம்.

இனி எல்லாரும் கேட்கும் கேள்வி: எவ்வளவு? வலிக்கும் வேதனைக்குமான தொகை நீதிபதியின் இரக்கத்தைப் பொறுத்தது என்று நான் எண்ணியிருந்தேன். அப்படியல்ல. எந்தக் காயத்துக்கு எவ்வளவிலிருந்து எவ்வளவு வரை என்று வழக்கறிஞர் மன்றம் வெளியிட்ட ஒரு தொகுப்பு இருக்கிறது. அது நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது என்றாலும் பேரம் தொடங்குவது அதிலிருந்துதான். எலும்பு முறிவு தனி, கால் குட்டையானது தனி, தழும்பு தனி என்று எண்ணிக் கூட்டுவார்கள். ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் காயங்களுக்குக் கொஞ்சம் கழிப்பார்கள். பணம் கொடுத்து வாங்கியவை, போக்குவரத்து, ஊன்றுகோல் முதலியவற்றுக்கு ரசீது வேண்டும். என் அம்மா ரசீதுகளை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்ததால்தான் அந்தப் பகுதி ஏறக்குறைய முழுதாகக் கிடைத்தது. தனியார் மருத்துவமனைக்குப் போவதானால், அரசு மருத்துவமனையில் ஏன் அதைச் செய்துகொள்ளவில்லை என்ற கேள்வி வரும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

வருமான இழப்புக்கு ஒரு கணக்கே சட்டத்தில் இருக்கிறது: ஓராண்டு இழப்பை இத்தனை ஆண்டு என்று பெருக்குவது. 1956-ஆம் ஆண்டின் சிவில் சட்டப்படி, விபத்தின்போது 30 வயது அல்லது அதற்குக் கீழே என்றால் 16 ஆண்டு; 31 முதல் 59 வரை என்றால் அறுபதிலிருந்து வயதைக் கழித்து இரண்டால் வகுக்க வேண்டும். எனக்கு 22-இல் பாதி, அதாவது 11. நான் வேலைக்குத் திரும்பினேன். ஆனால் நின்று செய்யும் வேலையும் இரவு ஷிப்டும் முடியாமல் போனதில், செலவு போக மாதம் 600 ரிங்கிட் குறைந்தது. 600 பெருக்கல் 12 பெருக்கல் 11, மொத்தம் 79,200 ரிங்கிட். 2019 செப்டம்பரில் சட்டத் திருத்தம் நடப்புக்கு வருவதற்கு முன் இதே கணக்கில் அறுபதுக்குப் பதில் ஐம்பத்தைந்து இருந்தது. அன்றாக இருந்தால் எனக்கு 61,200தான். ஆனால் இந்தக் கணக்கு சம்பளச் சீட்டு உள்ளவனுக்கே எளிது. என்னோடு வார்டில் இருந்த ஒருவர் கையில் சம்பளம் வாங்கும் வெல்டர். என்னைவிட அதிகம் சம்பாதித்தவர். அதைக் காட்ட அவரிடம் வங்கிக் கணக்கில்கூட ஒரு வரி இல்லை. உங்கள் தம்பியின் வேலையும் அப்படிப்பட்டதானால், முதலாளியிடமிருந்து கடிதம், பணம் அனுப்பிய வாட்சாப் செய்திகள், வருமான வரிப் படிவம், எது கிடைத்தாலும் இப்போதே சேருங்கள்.

வந்த கூட்டுத்தொகை அப்படியே கைக்கு வராது. உங்கள் மீதும் தவறு உண்டு என்றால் அந்தப் பங்கைக் கழிப்பார்கள். எனக்கு அந்தத் தடக் குழப்பத்துக்காக இருபது விழுக்காடு போனது. ரிப்போர்ட்டில் ஒரே ஒரு சொல்லுக்கு இவ்வளவு விலையா என்று இப்போதும் தோன்றுவதுண்டு.

வேலைக்குப் போகும்போதோ திரும்பும்போதோ நடந்த விபத்தானால் சொக்சோவை (தொழிலாளர்களுக்கான சமூகப் பாதுகாப்புத் திட்டத்தை) மறக்காதீர்கள். அது வேறு வழி. இடித்தவர் மீது போடும் வழக்குக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. நான்கு நாளுக்குக் குறையாத எம்.சி. இருந்தால் அன்றாடச் சம்பளத்தில் 80 விழுக்காடு தற்காலிக உதவித்தொகையாகக் கிடைக்கும். எங்கள் வீட்டில் அடுப்பெரிந்தது அந்தப் பணத்தில்தான்.

காலக்கெடுவையும் சொல்லிவிடுகிறேன். தீபகற்பத்தில் பொதுவாக விபத்து நாளிலிருந்து ஆறு ஆண்டுக்குள் வழக்கைப் பதிவு செய்ய வேண்டும். இடித்தது அரசாங்கத்தின் அல்லது நகராண்மைக் கழகத்தின் வாகனமாக இருந்தால் மூன்று ஆண்டுதான். ஆறு ஆண்டு இருக்கிறதே என்று ஆறப்போட வேண்டாம். சாட்சி மறந்துபோவார், கேமரா பதிவோ சில வாரங்களிலேயே அழிந்துவிடும்.

சாலை விபத்து வழக்கு எவ்வளவு பெரிய தொகையானாலும் உயர் நீதிமன்றத்துக்குக் கீழுள்ள செஷன்ஸ் நீதிமன்றத்திலேயே நடக்கலாம். வழக்கு கார் ஓட்டியவர் பெயரில் இருக்கும். எதிரே நிற்பவரோ காப்புறுதி நிறுவனத்தின் வழக்கறிஞர். எனது வழக்கில் நான் சாட்சிக் கூண்டு ஏற வேண்டியிருக்கவில்லை. விசாரணைத் தேதிக்கு மூன்று வாரம் முன்பு எதிர்த்தரப்பு தொகையை உயர்த்திச் சமரசத்துக்கு வந்தது. முதலில் சொன்ன தொகைக்கும் கடைசித் தொகைக்கும் ஏறக்குறைய இரண்டு மடங்கு வித்தியாசம். ஏற்பதா மறுப்பதா என்பது உங்கள் தம்பியின் முடிவு, வழக்கறிஞருடையதன்று. என் வழக்கறிஞர் தம் கருத்தைச் சொல்லிவிட்டு, இரண்டு நாள் யோசித்து வரச் சொன்னார். ஏற்றுக் கையெழுத்திட்டால் அது முழு இறுதித் தீர்வு. பிறகு காலில் கம்பி வளைந்தாலும் மீண்டும் கேட்க முடியாது.

காசோலை நேராக உங்களுக்கு வராது. வழக்கறிஞர் நிறுவனத்தின் கட்சிக்காரர் கணக்கில் போட்டு, கட்டணமும் செலவும் கழித்து மிச்சத்தைத் தருவார்கள். எனக்கு அதற்கு மூன்று வாரம் ஆனது. வந்த தொகை, கழித்த தொகை, ஒவ்வொன்றுக்கும் காரணம் என்று வரிவரியாக எழுதிய கணக்குத் தாளைக் கேளுங்கள். நான் கேட்டபோது கிராணி உடனே அச்செடுத்துக் கொடுத்தார். அதில் போலீஸ் வரைபடத்துக்குக் கட்டிய தொகைகூடத் தனி வரியாக இருந்தது.