தனி ஆவர்த்தனத்தில் எழுந்து போனவர்கள்

கேள்வி: வயது 27. கும்பகோணம் பக்கம். மிருதங்கம் வாசிப்பதும் சில பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதும்தான் பிழைப்பு. போன மார்கழியில் முதல் முறையாகச் சென்னையில் ஒரு சபாவில், பகல் 12 மணிக் கச்சேரியில் வாசித்தேன். பாடியவர் இளம் பெண். அரங்கில் பதினெட்டுப் பேர். தனி (பாட்டை நிறுத்தி, தாள வாத்தியம் மட்டும் வாசிக்கும் பகுதி) ஆரம்பித்ததும் ஏழு பேர் எழுந்து போய்விட்டார்கள். ஐந்து நிமிடத்தில் முடிக்கச் சொல்லிவிட்டார்கள். மிருதங்கத்தின் இடது பக்கமான தொப்பி வேறு காய்ந்து சத்தமே எழவில்லை. கவரில் இருந்த பணம் பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும்கூடக் காணவில்லை. இந்த வருடமும் கூப்பிடுகிறார்கள். போகத்தான் வேண்டுமா?
(பெயர் வேண்டாம் என்கிறார் வாசகர்.)

பதில்: தம்பி, தனி ஆரம்பிக்கும்போது நாற்காலி மடங்கும் சத்தம் காதில் விழாத மிருதங்கக்காரர் எங்கள் தலைமுறையில் யாரும் இல்லை. முதல் தடவை அதைக் கேட்டபோது நான் பதறிப்போனேன். எடுத்த நடையை, அதாவது தாளத்தின் ஓட்டத்தை, பாதியில் விட்டுவிட்டு நேரே தனியை முடிக்கிற மோராவுக்குத் தாவினேன். பக்கத்தில் தாளம் போட்டுக்கொண்டிருந்த பாடகர் கையை நிறுத்தாமல் என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்காக ஒருவர் தாளம் போட்டுக்கொண்டிருக்க, நான் கதவைப் பார்த்து வாசித்திருக்கிறேன். அன்றைக்குப் பட்ட வெட்கம் இன்னும் போகவில்லை.

பகல் 12 மணிக் கச்சேரியில் தனி வரும்போது மணி ஒன்றாகிவிடும். கேன்டீனில் இலை போடுகிற நேரம். அந்த ஏழு பேரைக் கணக்கில் வைக்காதீர்கள். மேடையில் இருந்த இரண்டு பேரை நினையுங்கள். அடுத்த மிருதங்கம் யார் என்று பாடகிதான் சபாவிடம் சொல்வார். வயலின்காரர் சீசன் முழுக்கப் பலருக்கு வாசிக்கிறவர். திடீரென்று ஆள் வேண்டுமென்றால் அவரைத்தான் கேட்பார்கள். பாட்டின் இரண்டாம் பகுதியான அனுபல்லவிக்கு எவ்வளவு அடக்கி வாசித்தீர்கள், ஒரே வரியை மாற்றி மாற்றிப் பாடும் சங்கதி விழும்போது விட்டுக்கொடுத்தீர்களா என்பதெல்லாம் அவர்களுக்கு நினைவிருக்கும். அதே சபா மறுபடி கூப்பிட்டிருக்கிறதே, அது சும்மா வந்திருக்காது.

ஐந்து நிமிடம் குறைவுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆதி தாளத்தில் ஓர் ஆவர்த்தனம், அதாவது தாளத்தின் ஒரு சுற்று, 12 விநாடி ஓடினால் மொத்தம் 25 ஆவர்த்தனம். முடிவில் வரும் மோராவுக்கும் கோர்வைக்கும் ஏழு ஒதுக்கினாலும் பதினெட்டு மிச்சம். அதில் நாலு நடை காட்ட நினைத்தால் ஒன்றும் நிற்காது. மூன்று மூன்றாக எண்ணுகிற ஒரே ஒரு திஸ்ர நடையை எடுத்து நிதானமாக விரித்தால் கேட்கிறவருக்கு வீட்டுக்குக் கொண்டுபோக ஒன்று கிடைக்கும். கடம் இருந்தால் பாதியை அவருக்கு விட வேண்டும். அதையும் முதல் நாளே பேசி வைத்துவிடுங்கள்.

அப்புறம் தொப்பி. ஏசி காற்று அதில் பூசுகிற ரவையைச் சீக்கிரம் உலர்த்திவிடும். பிசைந்த ரவையைச் சின்ன டப்பாவில் கொண்டுபோங்கள். மடிக்குப் பக்கத்தில் நனைத்த துணி இருக்கட்டும். ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் விரல் நுனியால் ஒரு தொடு தண்ணீர் வைத்தால் போதும். தனிக்கு முந்தின பாட்டு முடிந்ததும் மறக்காமல் வையுங்கள். அரைமணி நேரம் முன்னாலேயே உறையைக் கழற்றி மேடைக் காற்றில் வாத்தியத்தை வைத்தால், பாதிக் கச்சேரியில் சுருதி சேர்க்கக் கல்லும் கட்டையும் தேட வேண்டியிருக்காது. அந்தப் பெண்ணுக்குச் சுருதி ஐந்தரைக் கட்டை என்றால் ஹெச்சு (உயர்ந்த) சுருதியில் இன்னொரு மிருதங்கமும் கூட வரட்டும். பஸ்ஸில் இரண்டைத் தூக்கிக்கொண்டு வருவது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். இருந்தாலும் கொண்டுவாருங்கள்.

பணத்துக்கு வருகிறேன். இதில் எனக்குக் கோபம் உண்டு. பகல் கச்சேரிக்கு டிக்கெட் கிடையாது, அதனால் கொடுக்க முடியவில்லை என்பார்கள். ஓரளவு உண்மைதான். அதற்காக வாசிக்கிறவர் கைக்காசைப் போட்டு வர வேண்டும் என்று எந்த நியாயமும் சொல்லாது. மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது பாலக்காடு மணி ஐயருக்கு வந்தது 1966இல். மிருதங்கம் வாசிக்கிறவருக்கு அது கிடைத்தது அப்போதுதான் முதல் தடவை. நம் வாத்தியத்துக்கு அந்த மரியாதை வரவே அவ்வளவு காலம் ஆகியிருக்கிறது. நீங்கள் கூச்சப்பட்டு வாயை மூடிக்கொண்டால் உங்கள் பிள்ளைகளும் நாளைக்கு அப்படித்தான் வாசிப்பார்கள். உங்களிடமே நன்கொடை கேட்கிற இடமாக இருந்தால் யோசிக்கவே வேண்டாம், போகாதீர்கள்.

சரி, இந்தச் சபாவுக்குப் போகலாம். ஒரு நிபந்தனையோடு. செயலாளருக்கு நீங்களே போன் செய்யுங்கள். "ஐயா, கும்பகோணத்திலிருந்து வருகிறேன். போகவர இவ்வளவு ஆகிறது. பயணப்படி தனியாகக் கொடுக்க முடியுமா? சன்மானம் எவ்வளவு?" என்று மரியாதையாகக் கேளுங்கள். கேட்டதற்காக யாரும் பெயரை அடிக்க மாட்டார்கள். முடியாது என்றால், அதே வாரத்தில் சென்னையில் இன்னொரு கச்சேரிக்கு உங்களைச் சொல்ல முடியுமா என்று பாடகியிடம் கேட்டுப் பாருங்கள். ஒரு பயணத்தில் இரண்டு மேடை கிடைத்தால் செலவு கட்டும். இரண்டும் அமையவில்லை என்றால் இந்த வருடம் ஊரிலேயே இருந்து பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். அதில் ஒரு குறைவும் இல்லை.

எதைக் கேட்பதானாலும் ஐப்பசிக்குள் கேட்டுவிடுங்கள். கார்த்திகையில் நிகழ்ச்சி நிரல் அச்சுக்குப் போய்விடும். பெயர் வந்த பிறகு பேசுவது கஷ்டம்.