கெடுக்கும் பீஸுக்கு யார் காசு கொடுப்பது?

கேள்வி: எங்கள் ஊரில் பி.இ. மெக்கானிக்கல் முடித்த பையன்கள் பலர் குரூப் 4 தேர்வுக்குப் படித்துக்கொண்டு வீட்டிலேயே இருக்கிறார்கள். கோவையில் பட்டறை வைத்திருக்கும் என் மைத்துனரோ, 'வேலை தெரிந்த ஆள் ஒருத்தன்கூட வருவதில்லை' என்று புலம்புகிறார். இந்தத் தலைமுறைக்கு உடம்பு வளையவில்லை என்பதுதானே உண்மை?
- ஒரு வாசகர், ஒட்டன்சத்திரம்

பதில்: இல்லை. உங்கள் மைத்துனரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். வேலை தெரிந்த ஆளுக்கு என்ன சம்பளம் தருவதாகச் சொன்னார்? வேலை தெரியாத ஒரு பையனைச் சேர்த்துத் தொழில் கற்றுக்கொடுத்து எத்தனை வருஷம் ஆகிறது?

கோவை கணபதி பக்கம் ஒரு பட்டறையில் சமீபத்தில் அரைநாள் நின்றேன். இரண்டு சிஎன்சி லேத், அதாவது கம்ப்யூட்டர் ஓட்டும் கடைசல் மெஷின். ஒன்றில் நின்றவன் பி.இ. படித்த பையன். பீஸை, அதாவது கடைய வேண்டிய உலோகத் துண்டை, சக் என்ற பிடியில் மாட்ட வேண்டும், கதவைச் சாத்த வேண்டும், பட்டனை அமுக்க வேண்டும், கழற்றி ட்ரேயில் அடுக்க வேண்டும். நாள் முழுக்க இதுதான். இடையில் வெட்டும் டூல் தேய்ந்து பீஸின் விட்டம் கூடிவிட்டது. மெஷினை நிறுத்திவிட்டு "அண்ணே" என்று குரல் கொடுத்தான். மெஷினை வேலைக்குத் தயார் செய்து கொடுக்கும் ஐம்பத்தைந்து வயது செட்டர் வந்தார். மைக்ரோமீட்டரில் அளந்தார், டூலின் நிலையைத் திருத்தும் ஆஃப்செட் எண்ணில் இருபது மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு, குறைத்தார், போய்விட்டார். ஏன் குறைத்தார் என்று பையனிடம் கேட்டேன். "தெரியாது சார். கேட்டுட்டு நின்னா புரொடக்‌ஷன் போச்சுன்னு திட்டுவாங்க" என்றான். சம்பளம் பதினான்காயிரம். கல்லூரியில் நான்கு வருஷத்தில் லேத்தில் கை வைத்தது ஐந்தாறு முறை. ரெக்கார்ட் நோட்டை சீனியரிடம் வாங்கி எழுதியிருக்கிறான்.

டீ குடிக்கும்போது செட்டரிடம் அவர் தொழில் படித்த கதையைக் கேட்டேன். "நான் கெடுத்த பீஸுக்குக் கணக்கே இல்லைங்க. முதலாளி கன்னாபின்னான்னு திட்டுவார். ஆனா அடுத்த பீஸையும் என் கையிலதான் கொடுப்பார்" என்றார்.

விஷயம் இங்கேதான் இருக்கிறது. தொழில் படிப்பதென்றால் கொஞ்சம் பொருள் கெடும், கொஞ்சம் நேரம் போகும். அந்தச் செலவை அன்றைய முதலாளி ஏற்றுக்கொண்டார். இன்று ஒருவரும் ஏற்கத் தயாராக இல்லை. கல்லூரி ஃபீஸை மட்டும் வாங்கிக்கொள்கிறது. கம்பெனி தயாராகப் பழுத்த ஆளைத் தேடுகிறது. அரசின் குறுகிய காலப் பயிற்சிகள் சில நூறு மணி நேரத்தில் முடிந்து சான்றிதழ் கொடுத்துவிடுகின்றன. ஜெர்மனியில் மெக்கானிக்கலும் எலெக்ட்ரானிக்ஸும் சேர்ந்த மெக்கட்ரானிக்ஸ் தொழில் பழகும் ஒரு பையன் மூன்றரை வருஷம் கம்பெனியில் உதவித்தொகை வாங்கிக்கொண்டே படிக்கிறான். நம்மிடமும் 1961-லேயே அப்ரண்டிஸ் (தொழில் பழகுநர்) சட்டம் வந்துவிட்டது. முப்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் அப்ரண்டிஸ் எடுப்பது கட்டாயம். ஆனால் அப்ரண்டிஸ் 'தொழிலாளி' ஆகமாட்டார் என்று அதே சட்டம் சொல்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு பயிற்சி என்ற பெயரில் மலிவாக ஆள் வைத்து, வருஷம் முடிந்ததும் அனுப்பிவிட்டு அடுத்த செட்டை எடுக்கும் இடங்கள் இருக்கின்றன. இதைப் பார்த்த பெற்றோர் பையனை எந்த நம்பிக்கையில் அனுப்புவார்கள்?

குரூப் 4-க்கு வருகிறேன். 2024-இல் 6,244 இடங்களுக்கு இருபது லட்சம் பேருக்கு மேல் விண்ணப்பித்தார்கள். இவர்களைச் சோம்பேறிகள் என்று என்னால் சொல்ல முடியாது. விடிகாலை நான்கு மணிக்கு எழுந்து நூலக வாசலில் வரிசையில் நிற்கிறவன் சோம்பேறியா? பட்டறையில் சேர்ந்தால் ஐந்து வருஷம் கழித்து என்ன ஆவோம் என்று யாரும் அவனுக்குச் சொல்வதில்லை. அரசு வேலையில் அது எழுதியே இருக்கிறது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 2024 அறிக்கைப்படி, இந்திய இளைஞர்களில் பட்டதாரிகளிடம் வேலையின்மை 29.1 சதவீதம், எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடம் 3.4 சதவீதம். படிக்காதவருக்கு வேலை கொட்டிக் கிடக்கிறது என்று இதைப் படிக்கக் கூடாது. அவரால் ஒரு நாள்கூடச் சும்மா இருக்க முடியாது, கிடைத்த கூலிக்குப் போகிறார். அப்பாவின் சம்பளத்திலோ அடகு வைத்த நகையிலோ பட்டதாரி கொஞ்ச காலம் காத்திருக்கிறான், அவ்வளவுதான் வித்தியாசம்.

உங்கள் மைத்துனர் பக்கமும் நியாயம் உண்டு. அவரிடம் ஜாப் ஒர்க், அதாவது கூலிக்குப் பாகம் செய்யும் வேலை, கொடுக்கும் பெரிய கம்பெனி ரேட்டை நெருக்குகிறது. சிறு தொழிலுக்கு 45 நாளில் பணம் தர வேண்டும் என்று 2006-லேயே சட்டம் வந்தும் மூன்று மாதம் இழுக்கிறார்கள். கஷ்டப்பட்டுக் கற்றுக்கொடுத்த பையனை இரண்டாயிரம் கூடக் கொடுத்துப் பக்கத்துப் பட்டறை கூட்டிப்போகிறது. அதனால் கற்றுக்கொடுக்கும் செலவை அவர் தலையில் மட்டும் கட்டக் கூடாது. அவர் செய்யும் பாகத்தை வாங்கி வண்டியில் மாட்டி விற்கிற பெரிய கம்பெனியும் பங்கு போட வேண்டும். தமிழக அரசு 71 அரசு ஐடிஐகளை 2,877 கோடி ரூபாய்த் திட்டத்தில் புதுப்பித்தது நல்ல காரியம். அங்கே பாடம் நடத்த இந்தச் செட்டர் போன்றவர்களைப் படிப்புச் சான்றிதழ் கேட்காமல் கூப்பிட வேண்டும் என்பது என் கருத்து.

சரி, அதுவரை உங்கள் மைத்துனர் ஒன்று செய்யலாம். ஒரே ஒரு பையனைச் சேர்க்கட்டும். இரண்டாம் வருஷம் இவ்வளவு, மூன்றாம் வருஷம் இவ்வளவு என்று தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கட்டும். தினமும் ஒரு மணி நேரம் செட்டர் பக்கத்தில் நிற்க விடட்டும், கேள்வி கேட்டால் திட்டாமல். சேர்த்தால் எனக்கு எழுதுங்கள், ஒரு வருஷம் கழித்து அந்தப் பையனைப் பார்க்க நானே வருகிறேன்.